நாளுக்கு ஐந்து வினாடி

அரியர்ஸ் பணத்தில் வாங்கியது.
பேட்டரி கிடையாது, கை அசைவிலேயே ஓடும்.
எம்.சி. ரோடு கடைக்காரர் பெட்டியை மூடும்போதுதான் சொன்னார்:
"இருவது செகண்டு முன்ன பின்ன இருக்கும் மேடம், டெய்லி.
கம்பெனியே ஒத்துக்கினது."
பதினாலாயிரம் எண்ணிக் கொடுத்தவள் கேட்டேன்,
வீட்டுச் சுவரில் இருநூறு ரூபாய்க்குத் தொங்குவது
சரியாகத்தானே ஓடுகிறது?
"அதுக்கு உயிர் இல்லியே" என்றார்.
வியாபாரம் தெரிந்தவர்.

காதோரம் வைத்தால் வினாடிக்கு ஆறு அடி.
சிசுவின் துடிப்பை எண்ணிப் பழகிய காது
பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கியது.
முந்நூற்று அறுபது.
எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு கிடையாது.

முதல் மாதம் முழுக்கக் கணக்கு வைத்தேன்
பழைய டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கத்தில்.
மல்லாக்க வைத்தால் ராத்திரிக்கு மூன்று கூடும்.
திருகு கீழே இருக்க ஒருக்களித்து வைத்தால் இரண்டு குறையும்.
கையில் கட்டி வார்டில் நடந்தால்
அதன் இஷ்டம்.
"இதுக்குப் போன பாத்துட்டுப் போலாமே" என்றாள் பர்வீன்.
எனக்கு இது புதிதாகப் படவில்லை.
இடது பக்கம் திரும்பிப் படும்மா என்று
எத்தனை பேரைப் புரட்டியிருக்கிறேன்,
உள்ளே இறங்கிய துடிப்பு
நூறிலிருந்து நூற்று நாற்பதுக்கு ஏறும்வரை.

சராசரி: நாளுக்கு ஐந்து வினாடி கூடுதல்.
அடிக்கோடு போட்டேன்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
மணலி டேங்கர் வண்டிக்காக
இருபத்திரண்டு நிமிஷம் நின்றுகொண்டு
ஐந்து வினாடியை நினைத்துச் சந்தோஷப்பட்டவள்
அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான்.

ஜூலை முப்பத்தொன்று, ராயபுரம், நைட் ட்யூட்டி.
லேபர் வார்டு கடிகாரம் நாலு பத்தில் நின்று
இரண்டு வாரம். பேட்டரிக்கு இண்டெண்ட் போட்டாயிற்று.
போன்கள் லாக்கரில்.
காசிமேட்டு ரேணுகாதேவி, இரண்டாவது பிரசவம்,
ஐஸ் உடைக்கிற புருஷன் வாசலில்.
தலை தெரிந்தது, தோள் திரும்பியது,
வழுக்கிக்கொண்டு வந்தாள்,
வந்ததும் கத்தினாள்.
"டைம் சொல்லுங்க தேவகிருபை" என்றார் டாக்டர்.

பன்னிரண்டு தாண்டிப் பன்னிரண்டு வினாடி.
தேதி ஜன்னலில் பாதி முப்பத்தொன்று, பாதி ஒன்று,
அதுவும் பிரசவத்தில்தான் இருந்தது.
சனிக்கிழமை திருத்தியது. நாலு நாள்.
நாலு ஐந்து இருபது.
கழித்தால்
ஜூலையில் எட்டு வினாடி மிச்சமிருக்கிறது.

ஒன்றாம் வகுப்புக்கு
ஜூலை முப்பத்தொன்றில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும்.
என் மகன் ஆகஸ்ட் இரண்டு.
ஒரு வருஷம் சும்மா இருந்து
எதிர்வீட்டுக் கேரம் போர்டுக்குப் பவுடர் தூவிக்கொண்டிருந்தான்.
அப்போது இதை நினைத்தேனா என்று கேட்டால்
இல்லை என்பேன்.

"பதினொன்று ஐம்பத்தொன்பது."
டாக்டர் எழுதினார். நீல மை.
விடிந்ததும் புருஷன்காரன் கேட்டான்,
"கரெக்டா இன்னா டைம் சிஸ்டர், ஜாதகம் எழுதணும்."
அதையே சொன்னேன்.

கேட் மூடியிருந்தது.
போனை எடுத்து வாட்ச் பக்கத்தில் பிடித்தேன்.
ஒன்பது வினாடிதான் முன்னால் இருந்தது.
இருபது இல்லை.
நாலு ராத்திரி என் கையோடு அலைந்ததில்
சராசரி என் பேச்சைக் கேட்கவில்லை.
அப்படியானால் அவள் வந்தது ஆகஸ்டில்,
மூன்று வினாடி உள்ளே.

திருகை இழுத்தேன். முள் நின்றது.
நிஜ நேரம் வந்து சேர
ஒன்பது வினாடி காத்திருந்தேன்.
டேங்கர்கள் போய்க்கொண்டிருந்தன, எண்ணவில்லை.
திருகை அமுக்கினேன்.
ரிஜிஸ்டரில் மை காய்ந்திருக்கும்.
பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது,
கேட் இன்னும் தூக்காதபோதே.